தூண்டிலோடு எங்கே போவது?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் பணிபுரியும் சகோதரர் ஒருவர், மாலை வகுப்பு முடிந்து தம் மகனை அழைத்துச் செல்ல வந்தபோது நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், நம்ம பக்கத்துல டிரவுட் மீன் புடிக்கிற எடம் எங்கனா இருக்கா?" பனி மூடிய மலையடிவாரத்தில், இடுப்பளவு ஓடை நீரில் நின்று தூண்டில் வீசும் காணொளிகளை அவருடைய பதினான்கு வயது மகன் கைப்பேசியில் நாள்தோறும் பார்க்கிறானாம். அந்தச் சகோதரருக்கு ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. மகன் விழித்திருக்கும்போது இவர் உறங்குவார், இவர் விழித்திருக்கும்போது மகன் பள்ளியில் இருப்பான். "ரெண்டு வருஷத்துல அவனா வந்து எங்கிட்ட கேட்ட மொத விஷயம் இதுதான் ஹஜ்ரத். இல்லேன்னு சொல்ல மனசு வரல" என்றார்.

தூண்டிலைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியரிடம் கேட்பானேன் என்று வாசகர்கள் எண்ணலாம். நாம் ஆரணியாற்றங்கரையில் வளர்ந்தவர்கள். கிதாபுகளைக் கையில் எடுக்கும் முன்பே மூங்கில் கழியை எடுத்தவர்கள். ஆகவே இக்கேள்விக்கு விரிவாகவே விடை எழுதலாம் என்று துணிந்தோம். நம் பகுதியில் இதே கேள்வியோடு இருக்கும் குடும்பங்கள் இன்னும் பல.

முதலில் டிரவுட். அது குளிர்நீர் மீன். ஒரு வகை ஐரோப்பாவின் ஆறுகளுக்கும், வானவில் டிரவுட் எனப்படும் மற்றொரு வகை வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஆறுகளுக்கும் உரியவை. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் அது நலமாக வாழும். கற்களின் மேல் விழுந்து ஓடி, காற்றோட்டம் நிறைந்திருக்கும் தெளிந்த நீர் அதற்கு வேண்டும். மே மாதத்தில் திருத்தணியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஒரு மாவட்டத்தில், இடுப்பளவு ஏரி நீர் மதியத்தில் வெந்நீராகவே இருக்கும். டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டாலும் அன்றைக்கே மிதந்துவிடும்.

தமிழ்நாட்டில் டிரவுட் உள்ள இடம் நீலகிரி. அதுவும் தானாக வந்ததன்று. ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் நாட்டுப் பொழுதுபோக்கை இங்கும் தேடினார்கள். இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே 1863-இல் முயன்று தோற்றார். 1907-இல் ஹெச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியில் அது நிலைபெற்றது. அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது அப்போதுதான். இன்றும் அங்கு தூண்டில் போட மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். ஓடைகள் காட்டுக்குள் இருப்பதால் வனத் துறையின் கட்டுப்பாடுகளும் உண்டு. விடுமுறையில் உதகைக்குச் செல்லும் குடும்பம் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போகலாம். ஞாயிறு ஒருநாள் மட்டுமே கையில் உள்ள தந்தைக்கு அது தீர்வாகாது.

அந்தக் காணொளிகளில் இன்னொன்றும் உண்டு. பிடித்த மீனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப நீரில் விட்டுவிடுகிறார்கள். இதை இரக்கம் என்று பிள்ளைகள் கருதுகிறார்கள். உண்பதற்காக வேட்டையாடுவதை மார்க்கம் தெளிவாக அனுமதித்துள்ளது. கடல் வேட்டை திருக்குர்ஆன் 5:96 வசனத்தில் இஹ்ராம் கட்டியவருக்கும்கூட ஆகுமாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்தி இழுப்பதையே விளையாட்டாகக் கொள்வது வேறு. பயனின்றி ஒரு சிட்டுக்குருவியைக் கொல்வதைக்கூடக் கண்டித்த மார்க்கம் இது. சமைக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போங்கள். சிறிய மீன் மாட்டினால் ஈரக் கையால் முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள், அதில் குற்றமில்லை. உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து விரால் பிடிக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இருக்கிறது. அதை நாம் விரும்பவில்லை. கோதுமை மாவு உருண்டைக்கும் இறால் துண்டுக்கும் மீன் வரத்தான் செய்கிறது. சற்றுப் பொறுமை வேண்டும்.

இனி நம் பக்கத்து நீர்நிலைகள்.

சிப்காட்டை ஒட்டிய ஏரிகளும் தாங்கல்களும்தாம் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுகின்றன. வேலைமுடிந்து வரும் வழியிலேயே இருக்கின்றன. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து இங்கு உழைக்கும் நம் சகோதரர்கள் பலர், ஊரில் குளத்து மீனை உண்டு வளர்ந்தவர்கள்; அவர்களும் இங்கே வந்து அமர்கிறார்கள். தொழிற்சாலைக் கழிவு வந்து சேரும் வாய்க்கால் எதுவாக இருந்தாலும், அதன் வழியில் உள்ள ஏரியை விட்டு விலகுங்கள் என்பதே நம் சொல். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மின்னினால், கரையில் நுரை உலர்ந்து படிந்திருந்தால், மழைக்குப் பின் நீரில் மருந்து வாடை அடித்தால் அங்கே தூண்டிலை எடுக்கவே வேண்டாம். இவை ஒன்றும் தென்படாவிட்டாலும் மனம் அமைதி கொள்ள இடமில்லை. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அவை சேற்றில் படிந்து, சேற்றைக் கிளறி உண்ணும் மீனின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் நீங்கா. பிள்ளைகளின் வளரும் மூளைக்கு ஈயம் செய்யும் தீங்கை மருத்துவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

"மீன் ஹலால்தானே ஹஜ்ரத்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹலால்தான். ஆனால் குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும் இடத்தில் (2:168) ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. தூய்மையானது, நலம் தருவது என்பது அதன் பொருள். பாதிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

செத்து மிதக்கும் மீனைப் பற்றி மத்ஹபுகளுக்கிடையே பழைய கருத்து வேறுபாடு ஒன்று இருக்கிறது. தானாகச் செத்து மிதக்கும் மீனை உண்ணலாகாது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் அது ஆகும். அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு பேர் கொண்ட படை, பசியால் இலைகளைத் தின்ற நிலையில், கடல் கரையொதுக்கிய பெருமீன் ஒன்றைப் பல நாள்கள் உண்டதையும், மதீனா திரும்பிய பின் அதன் இறைச்சியை நபி (ஸல்) அவர்கள் தாமே உண்டதையும் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் பகுதியில் ராவுத்தர் குடும்பங்கள் ஹனஃபிகள், கரையோர மரைக்காயர் குடும்பங்கள் ஷாஃபிஈகள். ஆகவே இவ்விவாதம் சில நேரம் பள்ளிவாசல் திண்ணையில் சூடு பிடிக்கும். ஆனால் கழிவு நீரால் கொத்துக் கொத்தாக மிதக்கும் மீனுக்கும் இந்த விவாதத்துக்கும் தொடர்பே இல்லை. உடலுக்குக் கேடு என்று தெரிந்ததை உண்ணக் கூடாது என்பதில் இரு மத்ஹபும் ஒன்றே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது படகும் வலையும் அலையாத்தி வேர்களும் கறுத்துக் கிடந்ததை நாமெல்லாம் கண்டோம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்த இடம் ஒரு காலத்தில் வடசென்னைக்கே மீனும் இறாலும் ஊட்டியது. இன்று அங்கே பிள்ளைகளைத் தூண்டிலோடு அழைத்துப் போக நாம் சொல்ல மாட்டோம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்க்கத் தடை செய்யப்பட்ட அம்மீனைச் சிலர் குட்டைகளில் கோழிக் கழிவையும் செத்த பிராணிகளையும் போட்டு வளர்த்தார்கள். அது தப்பி ஏரிகளுக்குள்ளும் வந்துவிட்டது. மலத்தையும் அசுத்தத்தையும் உண்டு வாழும் கால்நடையை நம் ஃபிக்ஹ் நூல்கள் ஜல்லாலா என்கின்றன. அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ் உள்ளது. அதைக் கட்டிவைத்து, தூய தீவனம் கொடுத்து, அசுத்தத்தின் விளைவு நீங்கிய பிறகே உண்ண வேண்டும். இதே விதியை மீனுக்கும் பொருத்திப் பார்க்கும் ஆலிம்கள் இக்காலத்தில் இருக்கிறார்கள். சாக்கடை கலக்கும் குட்டையில் உங்கள் முள்ளில் பெரிய கெளுத்தி மாட்டினால் மகிழ ஒன்றுமில்லை.

தொழிற்சாலைகளை விட்டுத் தள்ளி, நெல் வயலுக்குப் பாயும் ஏரிகள் இன்னும் இருக்கின்றன. கட்லா, ரோகு, ஜிலேபி, விரால், கெண்டை என அங்கே மீனுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மீன்பிடிக் குத்தகைக்கு ஏலம் விடப்பட்டவை. நீரில் மனிதர் அனைவருக்கும் பங்கு உண்டு என்ற ஹதீஸைச் சொல்லி, "ஏரி எல்லார்க்கும் பொதுதானே" என்று இளைஞர்கள் வாதிடுவதைக் கேட்டிருக்கிறோம். ஓடும் ஆற்றின் காட்டு மீனுக்கு அந்த வாதம் பொருந்தும். குத்தகைதாரர் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டு, தீவனம் போட்டு, இரவில் காவல் இருந்து வளர்த்த மீனுக்குப் பொருந்தாது. அது அவருடைய உடைமை. நீருக்குள் இருக்கும் மீனைப் பிடிக்கும் முன்பே விற்பது செல்லுமா என்ற சட்டப் பேச்சு ஃபிக்ஹில் உண்டுதான். அதை வைத்துக்கொண்டு பிறர் உழைப்பில் கைவைக்க வழி தேட வேண்டாம். குத்தகைதாரரிடம் நேரில் சென்று, "அண்ணே, பையனோட ஒரு மணி நேரம் தூண்டில் போடலாமா?" என்று கேட்டால் பலர் சரி என்கிறார்கள். சிலர் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். கொடுத்துவிட்டுப் பிடியுங்கள். பூண்டி, புழல், சோழவரம் போன்றவை சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள். 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் கரையில் குடும்பத்தோடு உலவுவது வேறு, அனுமதியின்றி நீரில் இறங்குவது வேறு. அங்குள்ள அலுவலரைக் கேட்காமல் தூண்டில் வீச வேண்டாம்.

ஏரிகளில் இன்னோர் ஆபத்து நம் மாவட்டத்துக்கே உரியது. சவுடு மண் அள்ளிய பள்ளங்கள். கோடையில் காய்ந்த தரையில் இயந்திரத்தால் ஆள் உயரத்துக்கு மேல் தோண்டுகிறார்கள். மழை வந்ததும் எல்லாம் ஒரே மட்ட நீராகத் தெரியும். முழங்கால் ஆழம் என்று இறங்கும் பிள்ளை அடுத்த எட்டில் மறைந்துவிடும். தூண்டில் முள் புல்லில் சிக்கினால் நரம்பை அறுத்துவிடுங்கள். பத்து ரூபாய் முள்ளை எடுக்க எந்தப் பிள்ளையும் நீரில் இறங்கக் கூடாது என்று புறப்படும் முன்பே வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாம் அந்தச் சகோதரரிடம் சொன்ன இடம் பழவேற்காடு.

கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டியில் பொன்னேரிக்கு வந்து பேருந்து பிடித்தால் போதும். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும் தென் முனையும் முகத்துவாரமும் நம் பக்கம். நமது ஆரணியாறு அங்கேதான் கலக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர். அவர்களுக்கும் முன்பிருந்தே கடல் வாணிபம் செய்த, அரபுத் தமிழில் எழுதிப் படித்த முஸ்லிம் குடும்பங்களின் ஊர். நம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளை அங்கே இன்றும் வாங்கலாம். பள்ளிவாசல் வளாகத்தில் தொழுகை நேரம் பார்க்க அமைத்த நிழல் கடிகாரம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். கைப்பேசியின் பாங்கு ஒலிக்கு முன் நேரம் எப்படி அறியப்பட்டது என்று புரியும்.

ஏரியில் உப்பும் நன்னீரும் கலப்பதால் மடவை, கொடுவா, கிழங்கான் என ருசியான மீன்கள் உண்டு. இறாலும் நண்டும் புகழ்பெற்றவை. நண்டைப் பற்றி மத்ஹபுகள் வேறுபடுவதால் அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் வந்து முகத்துவாரம் நன்கு திறந்த பிறகான மாதங்கள் தூண்டிலுக்கு நல்லவை. அப்போது பூநாரைகளும் வந்திருக்கும். பறவைச் சரணாலயப் பகுதிக்குள் மட்டும் நுழையக் கூடாது.

இங்கும் உரிமைப் பேச்சு உண்டு, ஏரிக் குத்தகையைவிடப் பழையது. மீனவக் குப்பங்கள் "பாடு" என்ற முறையில் ஏரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மீன் நன்றாகப் படும் இடங்களில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்து, குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறிடம். எவர் வீட்டு அடுப்பும் அணையாதிருக்க அவர்களின் முன்னோர் கண்ட ஏற்பாடு. வலை கட்டிய கழிகளுக்கு அருகே பொழுதுபோக்குக்காக நாம் தூண்டில் வீசுவது அந்தப் பங்கில் கைவைப்பதாகும். இருளர் பெண்கள் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். அவர்கள் இருக்கும் பக்கம் முள்ளை எறியாதீர்கள். கரையில் யாரேனும் ஒரு பெரியவரிடம், "ஐயா, எந்தப் பக்கம் ஒக்காந்தா யாருக்கும் தொந்தரவு இல்ல?" என்று கேட்டுவிட்டு அமருங்கள். அவரே நல்ல இடத்தையும் காட்டிவிடுவார்.

படகில் ஏற வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசப் பயணம் வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஒரே உறவுக் குடும்பத்தினர். முகத்துவாரத்தின் இழுவை அமைதியாகத் தெரியும் நாளிலும் வலுவாக இருக்கும்.

அந்தத் தந்தையும் மகனும் முதன்முறை சென்றபோது நாமும் உடன் சென்றோம். சுப்ஹு தொழுது புறப்பட்டோம். முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. மகன் கைப்பேசியை எடுத்தான், தந்தையின் முகம் வாடியது. அப்போது வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "இன்னிக்கு தண்ணி ஓட்டம் கம்மி தம்பி. பௌர்ணமிக்கு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். மகன் திரும்பி, "நிலாவுக்கும் மீனுக்கும் என்ன அத்தா?" என்று கேட்டான்.

தந்தைக்கு விடை தெரியவில்லை. நம்மைப் பார்த்தார். நாம் சொன்னோம்: கடல் நீர் ஏறுவதும் இறங்குவதும் நிலவையும் சூரியனையும் பொறுத்தவை. இரண்டும் பூமியோடு ஒரே கோட்டில் வரும் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஏற்றமும் இறக்கமும் மிகும். நிலவு பாதியாகத் தெரியும் நாள்களில் குறையும். நீர் வேகமாக ஏரிக்குள் புகுந்தும் வெளியேறியும் ஓடும்போது இரையும் அடித்து வரப்படும், மீனும் அதைத் தேடி அலையும். பிறை பார்த்து மாதம் தொடங்கும் நம் ஹிஜ்ரி நாள்காட்டியில் இதைக் கணக்கிடத் தனி அட்டவணையே தேவையில்லை. முதல் இரண்டு நாள்களும் 14, 15, 16-உம் ஓட்டம் மிகுந்த நாள்கள். 7, 8-உம் 21, 22-உம் மந்தமான நாள்கள். ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அன்று பிறை 8.

பிறைகள் மனிதருக்குக் காலம் காட்டுபவை என்று குர்ஆன் 2:189-இல் சொல்வதை அவன் மதரஸாவில் ஓதியிருக்கிறான். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் மட்டும் என்று நினைத்திருந்தானாம். தந்தையும் மகனும் அங்கேயே மணலில் உட்கார்ந்து, தந்தையின் வேலை முறையையும் பிறைத் தேதியையும் சேர்த்து அடுத்த இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டார்கள். விரலை மடக்கி எண்ணியதில் இருவருக்கும் ஒரு நாள் கணக்கு வேறுபட்டது. அதைப் பற்றி லுஹர் வரை வாதாடினார்கள். மீன் என்று பார்த்தால் அன்றைக்கு ஒரு சிறு மடவைதான்.

போக எண்ணும் குடும்பங்களுக்கு இன்னும் சில. உவர்நீரில் முள் விரைவில் துருப்பிடிக்கும். வீடு திரும்பியதும் நன்னீரில் கழுவி எண்ணெய் தடவுங்கள். அறுந்த நைலான் நரம்பைக் கரையில் எறிந்தால் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். பையில் போட்டு எடுத்து வாருங்கள். கடல் கெளிற்றின் முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தினால் கடுமையாக வலிக்கும். துணியால் பிடித்தே கழற்றுங்கள். மாதத்தின் 13, 14, 15-இல் சுன்னத்தான நோன்பு நோற்பவர்கள் வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை மட்டும் கூட்டம் கூட்டமாய் மீன் வந்த கடற்கரை ஊராரின் கதை ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பிடித்த மீனை அங்கேயே செதில் நீக்கிக் குடலை எடுத்துவிட்டால், பொன்னேரி வழியாக வண்டி மாறி வீடு வந்து சேரும்வரை கெடாது. சிறிது பனிக்கட்டியும் ஒரு மூடி போட்ட டப்பாவும் போதும்.